26-வது வட கரோலினா ரெஜிமென்ட்: 588 என்ற கணக்கு யார் போட்டது?

#1 கேரிவாசி

போன மாசம் கெட்டிஸ்பர்க் போயிருந்தோம், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கும் தெற்கும் மூணு நாள் மோதின இடம். வட கரோலினா கேரியிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். பசங்க பீரங்கி மேல ஏறி போட்டோ எடுத்து முடிச்சதும் பசிக்குதுன்னு ஆரம்பிச்சாங்க. நான் மட்டும் கால் மணி நேரம் கேட்டு வாங்கிக்கிட்டு ஹெர்ப்ஸ்ட் காட்டுக்குள்ள நடந்தேன். காடுன்னு பேர், நம்ம ஊர்ல தோப்புன்னு சொல்ற அளவுதான். கீழே வில்லோபி ஓடை. தண்ணி முழங்கால் கூட இல்ல, கரையெல்லாம் முள்ளுச்செடி.

அங்க ஒரு கல் இருக்கு, தெற்குப் பக்கம் நின்ன 26-வது வட கரோலினா காலாட்படைக்கு. 1863 ஜூலை 1 பிற்பகல் அந்த ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறின 800 சொச்சம் பேர்ல 588 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தாங்களாம். ரெஜிமென்ட் கர்னலுக்கு வயசு 21! நான் 21-ல அரியர் எழுதிட்டு இருந்தேன்.

கேள்வி இதுதான்: அந்தப் போர்ல அதிகம் இழந்த ரெஜிமென்ட் இதுதானா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஏட்டுச்சுரைக்காய்

"அதிகம்" என்றால் எது? ஆளா, விகிதமா?

588 என்பது 1889-ல் வில்லியம் ஃபாக்ஸ் வெளியிட்ட இழப்புக் கணக்கில் வருவது. ஃபாக்ஸ் வடக்குப் படையில் அதிகாரியாக இருந்தவர், நியூயார்க்காரர். அவருடைய பட்டியலில் 26-வதுக்கு நேராக: களத்தில் இருந்தவர்கள் 820, இறந்தவர்கள் 86, காயம் 502. கூட்டினால் 588, விகிதம் 71.7. இதில் பெரும்பகுதி முதல் நாள் இழப்பு. மூன்று நாளுக்கும் சேர்த்து 687 என்று சொல்கிற வழக்கமும் உண்டு.

விகிதத்தில் பார்த்தால் ஆன்டீட்டம் போரில் 1-வது டெக்ஸாஸ் 226-க்கு 186 இழந்தது. 82 சதவீதத்துக்கு மேல். வடக்கில் 1-வது மினசோட்டா, கெட்டிஸ்பர்க் இரண்டாம் நாளில் 262-க்கு 215 என்று மரபாகச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆக, கெட்டிஸ்பர்க்கை மட்டும் எடுத்தால் தலை எண்ணிக்கையில் 26-வது முன்னால் நிற்கும். விகிதத்தில் ஒரு போர்நாளை எடுத்தால் நிற்காது.

இன்னொரு வில்லங்கம். 1863 மே 14-ல் தெற்குப் படைத்தலைவர் ஜெனரல் லீ ஓர் உத்தரவு போட்டார். ஆளை வேலைக்கு ஆகாதவனாக்காத சின்னக் காயங்களை இழப்புப் பட்டியலில் சேர்க்காதே என்று. அதற்கு ஏழு வாரம் கழித்துத்தான் கெட்டிஸ்பர்க். ஆகவே தெற்குப் பட்டியலையும் வடக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதவீதம் போடுகிறவர்கள், இரண்டு தராசில் நிறுத்த அரிசியை ஒரே மூட்டையில் கொட்டுகிறார்கள்.

#3 மலைக்காற்று

வந்துட்டாரு கணக்கு வாத்தியார் 🙂

சுரைக்காய் அண்ணா, ரெஜிமென்ட்டோட பத்துக் கம்பெனியில ஒண்ணான கம்பெனி எஃப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே? கால்ட்வெல் கவுண்டி மலைக்காரங்க. 91 பேர் போய் 91 பேரும் விழுந்தாங்கன்னு படிச்சிருக்கேன். மூணு ஜோடி இரட்டையர் இருந்தாங்க அதுல.

#4 ஏட்டுச்சுரைக்காய்

அதையும் பாருங்கள். கேப்டன் டட்டில் தலைமையிலான அந்தக் கம்பெனியைப் பற்றி ஃபாக்ஸ் எழுதுவது: 3 அதிகாரிகள், 84 வீரர்கள் போனார்கள், அதிகாரிகள் மூவரும் வீரர்களில் 83 பேரும் விழுந்தார்கள். அதாவது ஒருவர் மிச்சம். பிறகு வட கரோலினாவிலேயே எழுதப்பட்டவற்றில் 91-க்கு 91 ஆனது. ஒருவர் மிஞ்சிய கதையைவிட ஒருவரும் மிஞ்சாத கதை வாயில் நன்றாக உருளும்.

87-ல் 86 போதாதா ஒரு மலையடிவாரக் கிராமத்துக்கு? அதை ஏன் முழுசாக்க வேண்டும்?

#5 வெள்ளந்தி

சார், ஒரு மனுஷன் குறைஞ்சா கூடினா என்ன? வீரம் வீரம்தானே. கொடி பிடிச்சவன் விழ விழ அடுத்தவன் எடுத்திருக்கான். அன்னைக்கு மட்டும் 14 பேர் கொடியோட விழுந்தாங்கன்னு எல்லா இடத்துலயும் இருக்கு. கர்னலே கொடியைக் கையில எடுத்துட்டுதான் விழுந்தார். இந்தக் காலத்துல எந்த அதிகாரி முன்னால போறான்?

#6 ஓய்வு ஹவில்தார்

நான் 22 வருஷம் சேவை செய்தவன், அதனால் கொடி விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இதை வெறும் வீரமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அன்றைக்குப் புகையில்லா வெடிமருந்து கிடையாது. ஆளுக்கு இரண்டு ரவுண்டு சுட்டாலே முன்னால் பத்தடி தெரியாது. காட்டுக்குள் காற்றும் இல்லை, புகை நின்றுவிடும். 800 பேர் இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் நின்றால் வரிசை சுமார் 800 அடி நீளம் வரும். அந்தச் சத்தத்தில் கர்னல் தொண்டை கிழியக் கத்தினாலும் இரண்டாவது கம்பெனிக்குக் கேட்காது. நடுவில் நிற்கும் கொடிதான் உத்தரவு. கொடி முன்னால் போனால் போ, நின்றால் நில், பின்னால் போனால் திரும்பு. கொடி விழுந்துவிட்டால் கடைசிக் கம்பெனிக்காரனுக்குப் படை இருக்கிறதா ஓடிவிட்டதா என்றே தெரியாது. எதிரிக்கும் இது தெரியும். அதனால் எதிரே நிற்பவன் முதலில் சுடுவது கொடியைத்தான்.

ஆகவே விழுந்த கொடியை யாராவது எடுத்தே ஆக வேண்டும். எடுப்பவன் சாவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ராணுவத்தில் இப்படிச் சில வேலைகள் உண்டு. விருப்பம் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

#7 கேரிவாசி

ஹவில்தார் ஐயா, நன்றி. அந்தக் கல் முன்னாடி நின்னப்ப இது தெரிஞ்சிருந்தா வேற மாதிரி பார்த்திருப்பேன்.

நான் படிச்சு வந்த வரிசை இது, தப்பா இருந்தா திருத்துங்க. கொடிதாங்கிகள் பல பேர் விழுந்த பிறகு, பிரிகேட் (சில ரெஜிமென்ட் சேர்ந்த படை) தலைமையிலிருந்து வந்த கேப்டன் மெக்ரீரி, பிரிகேட் தலைவர் பெட்டிக்ரூ அனுப்பின பாராட்டைக் கர்னல் பர்க்வின் கிட்ட சொல்லிட்டு, தானே கொடியை எடுக்கிறார். இதயத்துல குண்டு. அடுத்து லெப்டினன்ட் வில்காக்ஸ், அவரும் விழறார். பர்க்வின் எடுக்கிறார். ஹனிகட்ங்கிற சிப்பாய் கிட்ட கொடுக்கத் திரும்பும்போது பக்கவாட்டுல குண்டு பாய்ஞ்சு விழறார். ஹனிகட்டும் விழறான். அப்புறம் லெப்டினன்ட் கர்னல் ஜான் லேன் எடுத்துட்டுப் போறார். எதிரிப்படை பின்வாங்கற நேரத்துல திரும்பிப் பார்த்தவருக்குப் பின்கழுத்துல குண்டு பாய்ஞ்சு வாய் வழியா வெளியே வந்திருக்கு. ஆனா பிழைச்சுட்டார்!

#8 ஏட்டுச்சுரைக்காய்

வரிசை சரி. லேன் பிழைத்ததோடு நிற்கவில்லை, திரும்பி வந்து ரெஜிமென்ட்டுக்கே கர்னலானார். சாத்தம் கவுண்டி விவசாயி, அடிமட்டத்தில் சேர்ந்து மேலே வந்தவர். 1908 வரை இருந்தார். அவரைச் சுட்டவராகச் சொல்லப்படும், வடக்குப் படையின் 24-வது மிஷிகன் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சார்லஸ் மெக்கானலும் அவரும் 1903-ல் கெட்டிஸ்பர்க்கில் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். அந்தக் காட்டில் நடந்த பலவற்றுக்கு லேன் அன்று ஆற்றிய உரைதான் மூலம். 40 வருஷம் கழித்துப் பேசிய பேச்சு என்பதை மனதில் வையுங்கள்.

எதிரே நின்ற 24-வது மிஷிகனையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் வட்டார ஆட்கள், கறுப்புத் தொப்பி போட்ட இரும்பு பிரிகேடைச் சேர்ந்தவர்கள். 496 பேர் போய் 363 பேர் இழப்பு. அவர்களுடைய கர்னல் ஹென்றி மாரோவும் கடைசியில் கொடியோடு நின்று தலையில் காயப்பட்டுப் பிடிபட்டார். ஒரே தோப்பில், ஒரே பிற்பகலில், இருபது முப்பது தப்படி இடைவெளியில் நின்று இரண்டு ரெஜிமென்ட்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தீர்த்தன. வட கரோலினாவில் இந்தப் பாதிக் கதை அவ்வளவாகக் காதில் விழாது.

#9 மலைக்காற்று

நான் கொடிக்கதைக்கு வரல. எனக்கு இந்த ரெஜிமென்ட் அறிமுகமானதே மலிண்டா பிளேலாக் மூலமாத்தான்.

1862 மார்ச்ல கீத் பிளேலாக்னு ஒருத்தர் இதே கம்பெனி எஃப்ல சேர்றார். ஆளுக்கு உள்ளுக்குள்ள வடக்குப் பக்கம்தான் மனசு. கட்டாய ஆள்சேர்ப்பு வரப்போகுது, மலையில ஒளிஞ்சா ஊர்க்காரனே காட்டிக் கொடுப்பான். படையில சேர்ந்து, சமயம் பார்த்து எல்லை தாண்டிரலாம்னு கணக்கு. அவர் பொண்டாட்டி மலிண்டா என்ன பண்ணினா தெரியுமா? முடியை வெட்டிக்கிட்டு, சாமுவேல்னு பேரு வச்சுக்கிட்டு, கீத்தோட தம்பின்னு சொல்லி அவளும் சேர்ந்துட்டா. டிரில், காவல் எல்லாம் பார்த்திருக்கா.

ரெஜிமென்ட் எல்லைப் பக்கம் போற மாதிரித் தெரியல. கீத் என்ன செஞ்சார்னா, நச்சு சுமாக் செடிக்குள்ள துணியில்லாம இறங்கி உடம்பு பூரா தேய்ச்சுக்கிட்டார். கொப்புளம் கொப்புளமா வீங்கிப் போச்சு. டாக்டருங்க ஏதோ தொத்துநோய்னு பயந்துட்டாங்க, ஏற்கனவே குடலிறக்கம் வேற. ஏப்ரல் 20 டிஸ்சார்ஜ். அன்னைக்கே "தம்பி"யும் போய்த் தான் பொம்பளைன்னு சொல்லி வெளியே வந்துட்டா. அப்புறம் ரெண்டு பேரும் கிராண்ட்ஃபாதர் மலைப் பக்கம் வடக்குக்காகக் கெரில்லாச் சண்டை போட்டாங்க.

வீரம் வீரம்னு சொல்ற அதே கம்பெனியிலதான் இவங்களும். கல்லுல இவங்க இல்ல.

#10 வெள்ளந்தி

சுவாரஸ்யமான கதைதான் மேடம். ஆனா ரெண்டு பேரை வச்சு 800 பேரைச் சொல்ல முடியாது. நான் சொல்ல வர்றது இதுதான்: மலைப்பக்கத்து ஏழை விவசாயி, கூட ஒரு அடிமை கிடையாது. அவன் எதுக்கு அடிமைமுறைக்காகச் சாகப் போறான்? தன் மண்ணுக்கு வந்தவனை எதிர்த்தான். அதைப் போய் இன்னைக்கு இனவெறின்னு ஒரே போடா போட்டு சிலையெல்லாம் இறக்கறாங்க. இது நியாயமா?

#11 கயல்

வெள்ளந்தி அண்ணா, கேட்டதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மண்ணுக்காகன்னா, 1863 ஜூன்ல இவங்க நின்னது பென்சில்வேனியாவில். அது யாரோட மண்? அந்தப் படையெடுப்புலயே லீயோட படை சேம்பர்ஸ்பர்க் பக்கம் கறுப்பின மக்களை, சுதந்திரமா இருந்தவங்களையும் சேர்த்து, பிடிச்சுக் கட்டித் தெற்கே அனுப்பியிருக்கு.

வட கரோலினா பிரிய அவசரப்படலைங்கிறது உண்மைதான். 1861 பிப்ரவரியில மாநாடே வேண்டாம்னு மயிரிழையில் ஓட்டுப் போட்டாங்க. சம்டர் கோட்டையைத் தெற்கு தாக்கிப் போர் ஆரம்பிச்சது, அப்புறம் லிங்கன் 75,000 பேர் கேட்டது, அதுக்குப் பிறகுதான் மே 20-ல பிரிஞ்சாங்க. ஆனா எதுக்குள்ள போய்ச் சேர்ந்தாங்க? பிரிஞ்ச தெற்கு மாநிலங்களோட துணை ஜனாதிபதி ஸ்டீஃபன்ஸ் அந்த மார்ச் 21-லேயே சவான்னாவில் மேடை போட்டு, எங்க அரசாங்கத்துக்கு மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லைங்கிறதுதான்னு பேசிட்டார். 1860 கணக்குப்படி வட கரோலினாவில் 9,92,622 பேர், அதுல 3,31,059 பேர் அடிமைகள். மூணுல ஒரு ஆள். மலையில குறைவு, கிழக்கே ரோனோக் ஆத்துப் பக்கம் ரொம்ப அதிகம்.

அந்த 21 வயசு கர்னல் வீடு அந்த ரோனோக் கரையில்தான். பெரிய தோட்டம். அம்மா பாஸ்டன்காரங்க, இவர் பொறந்ததே மாசசூசெட்ஸ்ல. போர்க்களத்துக்குக் கூடவே வந்த அடிமை ஒருத்தர் பேரு கின்சியன். கர்னல் செத்ததும் அவரைத் துப்பாக்கிப் பெட்டி ஒண்ணுல வச்சு வால்நட் மரத்தடியில புதைச்சாங்க. குதிரைகளையும் சாமான்களையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கின்சியன். பென்சில்வேனியா சுதந்திர மண். கின்சியன் திரும்பிப் போனதை "விசுவாசம்"னு எழுதி வச்சிருக்காங்க. வீட்டுல அவருக்கு யார் யார் இருந்தாங்க, ஓடிப் போயிருந்தா அவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு எழுதினவங்க யோசிச்ச மாதிரித் தெரியல.

#12 வெள்ளந்தி

கர்னல் பணக்காரர், ஒத்துக்கறேன். நான் சிப்பாயைச் சொன்னேன்.

#13 ஏட்டுச்சுரைக்காய்

சிப்பாய்க்கே வருவோம். 1861 ஆகஸ்டில் ராலே பக்கத்தில் கிராப்ட்ரீ முகாமில் இந்த ரெஜிமென்ட் உருவானபோது பத்துக் கம்பெனி: ஆஷ், யூனியன், வில்க்ஸ், வேக், சாத்தம் இரண்டு, கால்ட்வெல் இரண்டு, மூர், ஆன்சன். பெரும்பாலும் விரும்பிச் சேர்ந்தவர்கள், 12 மாத ஒப்பந்தம். அதற்குள் 1862 ஏப்ரல் 16-ல் கட்டாயச் சேவைச் சட்டம். 18 முதல் 35 வயது எல்லோரும், 12 மாதத்துக்கு வந்தவனும் மூன்று வருஷம். அக்டோபரில் அதற்கு ஒரு விலக்கு: 20 அடிமை உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையன் வீட்டிலேயே இருக்கலாம். பணக்காரன் சண்டை, ஏழை உயிர் என்று முகாமில் முணுமுணுத்தது இதற்குத்தான்.

எனவே வெள்ளந்தி சொல்வதில் பாதி சரி: அடிமை இல்லாதவன் செத்தான். ஆனால் அவனைப் பிடித்துவைத்த சட்டம், அடிமை வைத்திருப்பவனை வீட்டில் விட்டது. "அடிமைமுறைக்குச் சம்பந்தமில்லாத போர்" என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினால் அது திருப்பிக் கடிக்கும்.

முதல் கர்னல் ஜெப்யூலன் வான்ஸ் 1862 ஆகஸ்டில் கவர்னராகத் தேர்வானவர். அவரே பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்தவர். ஒன்றியத்துக்காகக் கை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது சம்டர் செய்தி வந்ததாம். உயர்ந்த கை இறங்கியபோது பிரிவினைக்காரனின் கையாக இறங்கியது என்று அவரே பின்னால் சொல்லிக்கொள்வார். நல்ல பேச்சாளர். படை நடத்தத் தெரியாது.

#14 ஓய்வு ஹவில்தார்

படை நடத்தத் தெரியாது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். 1862 மார்ச் 14 நியூ பெர்ன் சண்டையில் வலது ஓரத்தில் கடைசிவரை நின்றது இவர்கள்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள், ரயில் பாலம் எரிகிறது, தப்பிக்க பிரைஸ் ஓடை ஒன்றுதான் வழி. ஆழமான ஓடை, இருந்தது ஒரு சின்னப் படகு. வான்ஸ் குதிரையோடு தண்ணீரில் இறங்கி மூழ்கப் போய் ஆட்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். மூன்று பேர் மூழ்கிச் செத்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் படகு தேடிப் பிடித்து ஏற்றினார்கள். பர்க்வின் அக்கரையில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினார்.

அதற்குமுன் அந்தப் பையன் டிரில் வாங்கிய வாங்கில் ஆட்களுக்கு அவன்மேல் கொலைவெறி. வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்து வந்த 19 வயசுப் பையன் அதட்டினால் 35 வயசு விவசாயிக்கு எப்படி இருக்கும்? அந்த ஓடைக்குப் பிறகு மாறிவிட்டார்கள். எங்கள் யூனிட்டிலும் ஒரு இளம் லெப்டினன்ட் அப்படி வந்தார். முதல் ஆறு மாதம் நாங்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

வான்ஸ் கவர்னராகப் போனதும் பர்க்வினைக் கர்னலாக்க மேலே இருந்த ஜெனரல் ராபர்ட் ரான்சம் மறுத்தார், சிறுவன் கர்னல் என் பிரிகேடில் வேண்டாம் என்று. அதனால்தான் ரெஜிமென்ட் பெட்டிக்ரூ பிரிகேடுக்கு மாறியது. மாறாமல் இருந்திருந்தால் அந்தத் தோப்புக்கே போயிருக்க மாட்டார்கள்.

#15 பீப்பி

யாருமே பேண்டு பத்திப் பேசல! நான் இந்த இழைக்கு வந்ததே அதுக்குத்தான்.

இவங்க பேண்டு சேலம் ஊர்க்காரங்க. நம்ம சேலம் இல்லீங்க, இன்னைக்கு வின்ஸ்டன்-சேலம். மொராவியன் சபை ஆட்கள். அங்க குழந்தையில இருந்தே பித்தளைக் குழல் ஊதுவாங்க, ஈஸ்டர் விடியற்காலை கல்லறைக்குப் போய் ஊதறது அவங்க வழக்கம். சாமுவேல் மிக்கி தலைமையில 1862-ல இந்த ரெஜிமென்ட்டுக்கு வந்தாங்க. அவங்க கையால எழுதின ஸ்வரப் புத்தகங்கள் இன்னமும் வின்ஸ்டன்-சேலத்துல இருக்கு, அதைப் பார்த்து இப்பவும் வாசிக்கறாங்க.

சண்டைன்னா பேண்டுக்காரன் வேலை ஸ்ட்ரெச்சர் தூக்கறது, ஆஸ்பத்திரிக் கூடாரத்துல கை கால் அறுக்கறப்ப பிடிச்சுக்கறது. ஜூலை 1 ராத்திரி பூரா தன் ஊர்ப் பசங்களைத்தான் தூக்கியிருக்காங்க. மறுநாள் பிற்பகல் உத்தரவு: போய் வாசிங்க, ஆட்களுக்குத் தெம்பு வரட்டும். 11-வது வட கரோலினா பேண்டோட சேர்ந்து வாசிச்சாங்க. அன்னைக்கு அங்க இருந்த ஃப்ரீமேன்டில்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி, பீரங்கிச் சத்தம் உச்சத்துல இருக்கறப்ப ஒரு பேண்டு போல்காவும் வால்ட்ஸும் வாசிச்சதா எழுதி வச்சிருக்கார். குண்டுச் சத்தத்துக்கு நடுவுல கேட்க விசித்திரமா இருந்துச்சாம்.

எங்க வீட்டுல மூணு தலைமுறை நாயனம். சாவு வீட்ல வாசிச்ச கையோட கல்யாண வீட்டுக்கு ஓடினது எங்க தாத்தா. அந்த உதடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

#16 தூத்துக்குடியான்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இதே போர்னாலதான் அமெரிக்கப் பருத்தி லங்காஷயருக்குப் போகாம, இந்தியப் பருத்திக்கு விலை எகிறி, நம்ம திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியா கப்பல் கப்பலாப் போச்சு. அதைப் பத்தியும் யாராவது எழுதலாமே?

#17 மட்டுறுத்துநர்

தூத்துக்குடியான், தனி இழை திறங்க. இங்க வேண்டாம், ஏற்கனவே அஞ்சு பக்கம் விஷயம் ஓடுது.

#18 கேரிவாசி

பீப்பி, அதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துட்டு வந்தேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம். ஜூலை 1-லேயே இவ்வளவு போனா, ஜூலை 3-ல பிக்கெட் தாக்குதல்ல (தெற்குப் படை திறந்த வெளியில நேரா பாய்ஞ்சு தோத்தது) இவங்களை எப்படி மறுபடி அனுப்பினாங்க? ஊர்ல ஒரு பெருமை வசனம் இருக்கு: "பெத்தலில் முதலில், கெட்டிஸ்பர்க்கில் வெகுதூரம், அப்போமாட்டாக்ஸில் கடைசியாக". பெத்தல் போரோட ஆரம்பச் சண்டை, அப்போமாட்டாக்ஸ் லீ சரணடைஞ்ச இடம். அந்த "வெகுதூரம்" இவங்களா?

#19 ஏட்டுச்சுரைக்காய்

"பிக்கெட் தாக்குதல்" என்ற பேரே ஒரு வழக்கின் தீர்ப்பு. அன்று நடந்த படையில் பிக்கெட்டின் வர்ஜீனியர்கள் ஒரு பகுதிதான். இடது பக்கம் ஜெனரல் ஹெத்தின் டிவிஷன், அதாவது பெட்டிக்ரூ பிரிகேடும் வேறு சில பிரிகேடுகளும் சேர்ந்த படை. ஹெத் காயம் என்பதால் பெட்டிக்ரூ நடத்தினார். முதல் நாள் நொறுங்கிய அதே டிவிஷன். பிரிகேடை கர்னல் மார்ஷல் நடத்தினார், செத்தார். 26-வதை மேஜர் ஜான் ஜோன்ஸ். காயம் லேசாக இருந்தவர்கள், சமையல்காரர்கள் என்று திரட்டியும் 200 சொச்சம் பேர்தான்.

முக்கால் மைல் திறந்த வெளி. எம்மிட்ஸ்பர்க் சாலையின் இரு பக்கமும் உறுதியான மரவேலி, ஏறித் தாண்ட வேண்டும்; ஏறும்போது முதுகு வயிறு எல்லாம் இலக்கு. அதற்கப்புறம் கேனிஸ்டர், அதாவது தகர டப்பா நிறைய இரும்புக் குண்டு, பீரங்கி வாயிலிருந்து சல்லடை மாதிரி. எதிரே 12-வது நியூ ஜெர்சி. அவர்களிடம் பழைய வழவழ குழல் துப்பாக்கி, ஒரு பெரிய குண்டோடு மூன்று சின்னக் குண்டு. தூரத்துக்கு ஆகாது. கிட்டத்தில் அதைவிடக் கொடியது இல்லை.

26-வதின் கொடியைச் சுவர்வரை கொண்டுபோனவர்கள் இரண்டு பேர்: கம்பெனி ஈயின் புரூக்ஸ், தாமஸ். கூட யாரும் இல்லை. எதிரே நின்றவர்களுக்கே சுட மனசு வராமல், ஆண்டவன் பக்கமாய் இந்தப் புறம் ஏறி வாருங்கள் என்று கூப்பிட்டுக் கைகொடுத்துத் தூக்கினதாகச் சொல்வார்கள். கொடி பிடிபட்டது.

தோல்விக்குப் பிறகு ரிச்மண்ட் பத்திரிகைகள், பெட்டிக்ரூ ஆட்கள் பயிற்சியில்லாதவர்கள், அவர்கள் கலைந்ததால் பிக்கெட் தோற்றார் என்று எழுதின. வட கரோலினாக்காரர்களுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. பெட்டிக்ரூ பதில் சொல்லவும் இல்லை: ஜூலை 14-ல் ஃபாலிங் வாட்டர்ஸில் சுடப்பட்டு 17-ல் இறந்தார். அடுத்த 50 வருஷம் முதியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாட்சி திரட்டினார்கள். யார் எத்தனை தப்படி முன்னால் போனார் என்று. 91-க்கு 91, 14 கொடிதாங்கிகள், "வெகுதூரம்" எல்லாம் அந்த வழக்குக்குச் சேர்த்த சாட்சியங்கள். எதிர்க்கட்சி வடக்கு இல்லை, வர்ஜீனியா.

#20 மலைக்காற்று

ஓஹோ. இப்பதான் அந்த ஒரு ஆளை ஏன் காணாமப் போக்கினாங்கன்னு புரியுது.

#21 வெள்ளந்தி

சுரைக்காய் சார், இந்தக் கோணம் எனக்குப் புதுசு. யோசிக்கறேன். ஆனா கெட்டிஸ்பர்க்கோட ரெஜிமென்ட் முடிஞ்சிருச்சா? அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இருக்கே.

#22 ஓய்வு ஹவில்தார்

நல்ல கேள்வி. அந்த இரண்டு வருஷத்துக்கு யாரும் பாட்டுப் பாடுவதில்லை.

1863 அக்டோபர் 14 பிரிஸ்டோ நிலையம். தெற்கு ஜெனரல் ஏ. பி. ஹில் சரியாகப் பார்க்காமல் இரண்டு வட கரோலினா பிரிகேடுகளை ரயில் மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த எதிரி முன்னால் தள்ளினார். 26-வது அதில் ஒரு பிரிகேடில் இருந்தது. அரை மணிக் கணக்கில் படை நாசம். மறுநாள் லீ ஹில்லிடம், இந்தப் பாவப்பட்டவர்களைப் புதையுங்கள், இதைப்பற்றி இனிப் பேச வேண்டாம் என்றதாகச் சொல்வார்கள். கெட்டிஸ்பர்க்கில் தப்பிய ஆள் இங்கே போனான். எனக்கு அந்த 588-ஐவிட இதுதான் உறுத்துகிறது.

1864 மே வில்டர்னெஸில் ஜோன்ஸும் போனார். பிறகு ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர், பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழி. ஆகஸ்ட் 25 ரீம்ஸ் நிலையத்தில் வெற்றி. அக்டோபர் 27 பர்ஜெஸ் ஆலையில் சுற்றிவளைக்கப்பட்டு வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். 1865 ஏப்ரல் 9 அப்போமாட்டாக்ஸில் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் சுமார் 130 பேர்.

#23 கயல்

நடுவுல இன்னொண்ணு. 1864 பிப்ரவரியில கின்ஸ்டன் ஊர்ல அதே பிக்கெட், வடக்குச் சீருடையில பிடிபட்ட 22 வட கரோலினாக்காரங்களைத் தப்பியோடினவங்கன்னு தூக்குல போட்டார். இந்த ரெஜிமென்ட் ஆட்கள் இல்ல, ஆனா அதே மாநிலம். அடுத்த மாசம் கவர்னர் வான்ஸ் லீ முகாமுக்குப் போய் தன் மாநிலப் படைகளுக்குச் சொற்பொழிவு நடத்தறார், ஓடாதீங்கன்னு. ஒரு படை முழு மனசோட நின்னா கவர்னர் ரயில் ஏறி வர வேண்டியதில்ல.

வெள்ளந்தி அண்ணா சிலை இறக்கினதைக் கேட்டாரே. ராலே கேப்பிட்டல் முன்னாடி நின்ன தூண் 1895-ல வச்சது, 2020 ஜூன்ல எடுத்தாங்க. அதுலதான் பெத்தல்ல முதல், அப்போமாட்டாக்ஸ்ல கடைசின்னு வெட்டியிருந்துச்சு. சண்டை முடிஞ்சு 30 வருஷம் கழிச்சு வச்ச கல். அந்தத் தோப்புல இருக்கற கல்லை யாரும் தொடல.

#24 கேரிவாசி

நேத்து வேலை விஷயமா பால்டிமோர் போனேன், வர்ற வழியில சுத்திக்கிட்டு மறுபடி அந்தத் தோப்புக்குப் போனேன். வீட்ல சொல்லல.

இந்தத் தடவை முதல்ல 24-வது மிஷிகன் சிலை. தொப்பி போட்ட ஆள் தோட்டாப் பொதியைப் பிரிச்சுக்கிட்டு நிக்கறான். அங்கேயிருந்து 26-வது கல்லுக்கு அடி வச்சு எண்ணினேன், நடுவுல மரத்து வேர் தடுக்கி எண்ணிக்கை போயிருச்சு. திரும்ப ஆரம்பத்துலருந்து எண்ணப் பொறுமை இல்ல. ஓடைக்கு இறங்கி முள்ளைத் தள்ளிக்கிட்டு இந்தப் பக்கம் ஏறிப் பார்த்தேன். கையில ஒண்ணும் இல்லாமலே மூச்சு வாங்குது. சட்டை கிழிஞ்சதுக்கு வீட்ல என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல.

இழைத் தலைப்புல "அதிகம் இழந்த ரெஜிமென்ட்"னு வச்சிருந்தேன், மாத்திட்டேன். போட்டோ ராத்திரி ஏத்தறேன்.